பாகவதரும் மலைநாட்டு ரசிகரும்

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் கூடிக் களனி கங்கையாகப் பெருகும் பள்ளத்தாக்கில் அமைந்த சிற்றூர் பொல்பிட்டிய. மேலே தேயிலை, கீழே இறங்க இறங்க ரப்பர். இம்மலை ஆறுகளின் நீரைத் தேக்கி எடுத்த மின்சாரம் 1950ஆம் ஆண்டில் லக்ஷபானவிலிருந்து கொழும்புக்குப் பாயத் தொடங்கிற்று. அதே ஆண்டில் கொழும்பிலே இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பும் பிறந்தது. மலையில் பிறந்த மின்சாரம் நகருக்குப் போயிற்று. நகரில் பிறந்த ஒலிபரப்பு மலைக்கு வந்தது. அம்மின்சாரம் தோட்டத்து லயங்களை எட்ட நெடுங்காலம் சென்றது. பாட்டுக்கோ கம்பி வேண்டியிருக்கவில்லை.

தொடக்கத்தில் வானொலிப் பெட்டி இருந்த இடங்கள் மிகச் சில. கடை வீதியில் ஒன்று இருக்கும். பெரிய கங்காணியார் வீட்டில் ஒன்று இருக்கும். மாலையில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் அங்கே கூடி நின்று கேட்டார்கள். அவர்களுள் மூத்த தலைமுறையினர் காத்திருந்து கேட்ட குரல் எம். கே. தியாகராஜ பாகவதருடையது.

அக்குரலில் அவர்களுக்கு அப்படி என்ன உரிமை என்று கேட்கலாம். மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த மக்களிற் பெரும்பாலோர் திருச்சி, தஞ்சை, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளை விட்டுப் புறப்பட்டவர்கள். பாகவதர் 1910இல் மாயவரத்திற் பிறந்து திருச்சியில் வளர்ந்தவர். ஆகவே அது ஊர்க் குரல். அதைவிட ஆழமான காரணமும் ஒன்று உண்டு. தோட்ட மக்கள் தங்களோடு கொண்டுவந்த சொத்துகளுள் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துகள் முதன்மையானவை. இரவு முழுவதும் திறந்த வெளியில், ஒலிபெருக்கியின் துணையின்றி, எட்ட நிற்பவருக்கும் கேட்குமாறு உச்சத்தில் நின்று பாடுவது கூத்துப் பாட்டு. தபசு மரத்தில் ஏறி நின்று அருச்சுனன் பாடுவதைக் கேட்டுப் பழகிய காதுகள் அவை. பாகவதரும் மேடை நாடகத்தில் அவ்வாறே தொண்டையை நம்பிப் பாடி வளர்ந்தவர். 1934இல் வெளிவந்த அவருடைய முதற் படமான ‘பவளக்கொடி’யில் அவர் ஏற்ற வேடமும் அருச்சுனனே. சினிமா அவர்களுக்குப் புதிது. அருச்சுனன் புதியவன் அல்லன்.

‘சிந்தாமணி’, ‘அம்பிகாபதி’ இரண்டும் 1937இல் வந்தன. ‘திருநீலகண்டர்’, ‘அசோக்குமார்’, ‘சிவகவி’ என்று ஒவ்வொன்றாகத் தொடர்ந்தன. பாபநாசம் சிவன் இயற்றிய பாடல்கள் இசைத்தட்டுகளில் ஏறிக் கடல் கடந்தன. 1939இல் இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதைத் தடை செய்தது. ஆட்கள் வருவது நின்ற பின்னும் தட்டுகள் வருவது நிற்கவில்லை. பிடரியில் புரளும் பாகவதர் கிராப்பு ஊரெங்கும் பரவியது. அது வெறும் வேடிக்கை. அதை விடுத்து ரசிகரின் பற்று சோதனைக்கு உள்ளான காலத்தை நோக்குதல் தகும்.

1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ வெளியாயிற்று. அடுத்த மாதம் சென்னையில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்தியாற் குத்தப்பட்டு இறந்தார். அவ்வாண்டு டிசம்பரிலே பாகவதரும் நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். 1945 மே மாதத்தில் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று மீண்டது. 1947 ஏப்ரலில் குற்றமற்றவர் என விடுதலை பெற்றனர். இந்த இடைக்காலத்தில் நடந்தது விந்தையானது. சென்னை பிராட்வே தியேட்டரில் ‘ஹரிதாஸ்’ மூன்று தீபாவளிகளைக் கண்டது. கதாநாயகர் சிறையிலே, அவர் பாட்டுத் திரையிலே. கொலைக் குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒருவருடைய பாட்டைக் கேட்க மக்கள் காசு கொடுத்துச் சீட்டு வாங்கினார்கள். தீர்ப்பை அவர்கள் ஏற்கவில்லையா, அல்லது பாட்டுக்கும் வழக்குக்கும் தொடர்பில்லை என்று கருதினார்களா என்பது ஆராய்தற்குரியது. இரண்டும் கலந்தே இருந்திருக்கும்.

எனினும் ரசிகர் கூட்டம் முழுவதும் கடைசிவரை உடன் நின்றது என்று கூறுதல் வரலாறாகாது. விடுதலைக்குப் பின் அவரே தயாரித்த ‘ராஜமுக்தி’ 1948இல் தோற்றது. 1952இல் ‘அமரகவி’, ‘சியாமளா’ என இரு படங்கள் வந்தன. அதே ஆண்டில்தான் ‘பராசக்தி’யும் வந்தது. பாட்டுக் கேட்கப் போன கூட்டம் வசனம் கேட்கப் போயிற்று. நடிப்பவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர் என்னும் முறையும் வேரூன்றிவிட்டது. பாகவதரிடம் எஞ்சியவர்கள் பாட்டின் ரசிகர்கள் மட்டுமே. 1959 நவம்பர் 1ஆம் நாள், ஐம்பது வயது நிரம்புமுன், அவர் மறைந்தார்.

அவ்வாறு எஞ்சியவர்களுள் ஒருவர் மதுரையில் சௌராட்டிரக் குடும்பத்திற் பிறந்தவர்; பாகவதரின் பாட்டையே பள்ளியாகக் கொண்டு, அவரைப் போலவே பாடிப் பழகியவர். 1950இல் வெளிவந்த ‘கிருஷ்ண விஜயம்’ படத்தில் அவருக்கு முதல் வாய்ப்புக் கிடைத்தது. அவர் பாடிய பாட்டு, பாகவதரின் ‘சிந்தாமணி’ப் பாடல் ஒன்றின் மெட்டிலேயே அமைந்தது. அவரே டி. எம். சௌந்தரராஜன். 1954இல் ‘தூக்குத் தூக்கி’யில் சிவாஜி கணேசனுக்கும் ‘மலைக்கள்ளன்’ படத்தில் எம்.ஜி.ஆருக்கும் பாடியபோது அவர் தமக்கென ஒரு குரலை வகுத்துக்கொண்டார். ஆனால் தாமே திரையில் தோன்றி நடித்தபோது எந்த வேடங்களை ஏற்றார் என்பதைக் கவனிக்க வேண்டும். 1962இல் பட்டினத்தார், 1964இல் அருணகிரிநாதர். பாடித் திரியும் அடியார் வேடம் பாகவதர் விட்டுச் சென்ற இடம். அதைத் தற்செயல் என்று கொள்ளுதல் எளிதன்று. 2013இல் மறையும்வரை சௌந்தரராஜன் புகழ்பெற்ற பாடகராகவும் பாகவதரின் ரசிகராகவும் இருந்தார்.

மலைநாட்டில் தந்தை பாகவதரின் ரசிகராகவும் மகன் சௌந்தரராஜனின் ரசிகனாகவும் ஒரே பெட்டியின் முன் அமர்ந்தது இவ்வாறுதான். ஒருவர் குரலில் மற்றவர் குரலின் தடம் இருந்தமையால் பூசல் பெரிதாகவில்லை.

1952இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டுக்கு இடத்தைக் குறுக்கியபோது, தமிழ்நாட்டாரும் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். நேயர் விருப்ப நிகழ்ச்சிகளில், பாட்டுக்கு முன் அதைக் கேட்டெழுதியவர்களின் பெயர்களும் ஊர்களும் வாசிக்கப்பட்டன. தோட்டத்துப் பெயர்களும் அவற்றுள் வந்தன. ஓர் அஞ்சலட்டை, அதில் ஒரு பாட்டின் பெயர், குடும்பத்தார் அனைவரின் பெயர். பின்னர் வாரக்கணக்கிற் காத்திருத்தல். இது சிறு இன்பம் என்று தோன்றலாம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இதே மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. வாக்காளர் பட்டியலில் இல்லாத பெயர் வானொலியில் ஊரோடு சேர்த்து வாசிக்கப்பட்டது. பெயர் தவறாக உச்சரிக்கப்பட்டாலும் அவர்கள் மகிழ்ந்தார்கள்.

1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்பது ஏற்பாடு. குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாரில் கப்பலேறிய முதியவர்களுள் திருச்சியை முதன்முறையாகக் காணச் சென்றவர்களும் உண்டு. தோட்டத்திலே பிறந்த அவர்களுக்கு அவ்வூர், பெற்றோர் சொல்லிய கதைகளிலும் பாகவதர் பாட்டிலும் மட்டுமே இருந்தது.

போகாதவர்கள் பொல்பிட்டியைச் சூழ்ந்த மலைகளிலே கொழுந்து பறித்தார்கள். 1969இல் பொல்பிட்டியவிலேயே ஒரு பெரிய மின்நிலையம் இயங்கத் தொடங்கியபோது பாகவதர் மறைந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன. அதன் கம்பிகள் தலைக்கு மேலாகக் கடந்து சென்றன. லயக் காம்பராக்களில் அப்போதும் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. டிரான்சிஸ்டருக்கு மட்டும், சம்பள நாளில் மறவாமல், புதிய பாட்டரி வாங்கப்பட்டது.