தலைக்கணக்கில் உண்டு, சபைக்கணக்கில் இல்லை

1904ல் இலங்கை மலையகத்து ராகலைக்கு ரயில் வந்தது. நானுஓயாவில் கிளம்பி நுவரெலியா, கந்தப்பொளை என்று மலையைச் சுற்றிச் சுற்றி ஏறிய இரண்டரை அடி அகலப் பாதை அது. உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைப் பெட்டிகளை இறக்கிக் கொழும்புக்கு அனுப்பவே போட்டார்கள். 1940களில் மூடியும் விட்டார்கள். ஆக, அரசாங்கத்துக்கு ராகலை வரை வர வழி தெரியாமல் இல்லை. பாதையோரத்தில் தோட்டத் தொழிலாளர் வசித்த லயங்களுக்குள் எட்டிப்பார்க்கத்தான் அதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

லயத்துக்குள் நடந்தது வேறு ராஜ்யம். உச்சியில் பெரியதுரை, அவருக்குக் கீழே சின்னதுரை, கணக்கப்பிள்ளை, கங்காணி. விடியுமுன் தப்புச் சத்தம் கேட்கும். பெரட்டுக்களத்தில் ஆள் பிரிப்பார்கள். செக்ரோல் என்ற வருகைப் பதிவில் பேர் விழுந்தால் கூலி. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிக் கூலி. வீடு, தண்ணீர்ப் பீலி, பிள்ளைக்காம்பரா, மருந்து எல்லாம் தோட்டத்துடையவை. கடிதம்கூட லயத்துக்கு நேரே வராது. தோட்ட ஆபீசுக்கு வந்து, யார் கையிலாவது கொடுத்தனுப்பப்பட்டு, எப்போதாவது வந்து சேரும். நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொன்ன கடிதம் தேதி கழிந்தபிறகு கைக்குக் கிடைத்த கதை மலையகத்தில் யாருக்கும் புதிதல்ல.

ஆளைக் கடனோடு சேர்த்து ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்றிய துண்டு முறை 1921ல்தான் சட்டப்படி ஒழிந்தது. வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. தொழிலாளர் நிலையை நேரில் பார்க்க விரும்பிய பத்திரிகையாளர் கோ. நடேசய்யர், துணி வியாபாரி வேடத்தில்தான் உள்ளே போக முடிந்தது. 1931ல் அவர் தோட்டத் தொழிலாளருக்கென்று தொழிற்சங்கம் தொடங்கியபோது, மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடி ஆட்களைத் திரட்டினார்.

அதே 1931ல் டொனமூர் அரசியல் யாப்பின்படி இலங்கையில் சர்வசன வாக்குரிமை வந்தது. வதிவிட நிபந்தனைகள் இருந்தபோதும் தோட்டத் தமிழர் கணிசமானோர் வாக்காளர் ஆனார்கள். ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போன பெரி. சுந்தரம் தொழில் அமைச்சரானார். 1936ல் அதே தொகுதியை நடேசய்யர் வென்றார். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பிடித்தது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, மஸ்கெலியாவில் ஜீ. ஆர். மோத்தா. அடுத்த வருஷமே தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது; 1949ல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு அவர்களின் வாக்கும் போனது. 1952 தேர்தலில் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை.

இந்தக் கதை மேடைகளில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. அதன் உள்ளே இருந்த ஒரு கணக்கை மட்டும் பலர் கவனிப்பதில்லை. தேர்தல் தொகுதிகளைப் பிரித்தபோது ஒவ்வொரு 75,000 சனத்தொகைக்கும் ஓர் ஆசனம், ஒவ்வொரு ஆயிரம் சதுர மைலுக்கும் மேலும் ஓர் ஆசனம் என்பது விதி. சனத்தொகை என்றால் வாக்காளர் தொகை அல்ல. ஆகவே வாக்கிழந்த பிறகும் தோட்டத் தமிழரின் தலைகள் எண்ணப்பட்டன. அந்தத் தலைகளால் கிடைத்த ஆசனங்களுக்கு ஆளைத் தெரிந்தெடுத்தவர்கள் மற்றவர்கள். பெரட்டில் நின்றவனின் பேரை இன்னொருவன் கணக்கில் எழுதியதற்குச் சமம்.

மேற்கு ஆபிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டிலும் இப்படி ஒரு கதை உண்டு. அங்கே தேயிலைக்குப் பதில் கோக்கோவும் கோப்பியும். புர்கினா பாசோ, மாலி ஆகிய அயல்நாடுகளிலிருந்து ஏழைகள் லட்சக்கணக்கில் வந்து காடு வெட்டினார்கள். 1960 முதல் 1993 வரை ஆண்ட ஜனாதிபதி ஊஃபுவே புவாஞி, நிலம் அதைப் பண்படுத்தியவனுக்கே என்று சொல்லி அவர்களை வரவேற்றார். 1990 தேர்தலில் அயல்நாட்டவரும் வாக்களித்தார்கள். அவர் கண் மூடியதும் எல்லாம் மாறியது. 1994 தேர்தல் சட்டம் ஜனாதிபதி வேட்பாளரின் தாயும் தந்தையும் பிறப்பாலேயே அந்நாட்டவராக இருக்கவேண்டும் என்றது. 1998ல் கிராமப்புறக் காணி உரிமை பிரஜைகளுக்கு மட்டும் என்றானது. யார் சுதேசி என்ற அந்தச் சண்டை 2002ல் உள்நாட்டுப் போரில் போய் நின்றது. 1995லும் 2000லும் போட்டியிட முடியாமல் போன அலசான் வத்தாரா, 2010 தேர்தலில் வென்று ஜனாதிபதியானார். தோட்டத்துக்கு ஆள் வேண்டும், வாக்குப்பெட்டிக்கு அந்த ஆள் வேண்டாம் என்ற புத்தி இலங்கையின் தனிச்சொத்து அல்ல.

இனி ஊர்ச்சபைக்கு வருவோம். மலையக வரலாறு எழுதுவோர் அதிகம் தொடாத பக்கம் இது. 1930களின் கடைசியில் கிராமச் சங்கச் சட்டத்தைத் திருத்தியபோது, தோட்ட லயங்களில் வசிக்கும் தொழிலாளருக்கு அதில் வாக்கு இல்லை என்று வைத்தார்கள். இந்திய அரசாங்கம் ஆட்சேபித்தும் பலன் இல்லை. அதாவது 1948க்கு முன்பே, கையில் அரசாங்க சபை வாக்கு இருந்த காலத்திலேயே, பக்கத்துக் கிராமத்தின் பாதைக்கும் கிணற்றுக்கும் முடிவெடுக்கும் இடத்தில் தோட்டத்தான் இல்லை. கிராமத்துக்குச் சங்கம், தோட்டத்துக்குத் துரை என்ற பிரிவினை அங்கேதான் இறுகியது.

பிரஜாவுரிமை தவணை முறையில் திரும்பியது. 1949ல் தனியே வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் எட்டு லட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்தும் கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. 1964ல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஆட்களை இந்தியாவுக்கு இத்தனை, இலங்கைக்கு இத்தனை என்று பங்குபோட்டது. 1977ல் நுவரெலியா - மஸ்கெலியா பல அங்கத்தவர் தொகுதியில் மூன்றாவது உறுப்பினராகத் தொண்டமான் மறுபடி வென்றார், 1978ல் அமைச்சரானார். கொடுத்த அமைச்சு கிராமியக் கைத்தொழில்! அவருக்கு வாக்களித்த லயங்களோ எந்தச் சட்டத்திலும் கிராமம் இல்லை. 1988, 2003 சட்டங்களுக்குப் பிறகே நாடற்றவர் என்ற முத்திரை முழுதாக அழிந்தது.

இதற்கிடையில் 1987ன் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வந்திருந்தது. 1991ல் முதல் தேர்தல். தோட்டத்து ஆட்கள் வாக்களித்தார்கள், உறுப்பினர்களாக உட்கார்ந்தார்கள். சட்டத்தின் 33ஆம் பிரிவு அங்கே குறுக்கே நின்றது. சபைப் பணத்தைக் கிராமங்களின் அபிவிருத்திக்குச் செலவிடலாம் என்ற அந்தப் பிரிவில் தோட்டம் இடம்பெறவில்லை. ராகலை வலப்பனைப் பிரதேச சபைக்கு உட்பட்டது. லிடஸ்டேல், சென்ட் லெனாட்ஸ் போன்ற தோட்டங்களில் வாக்குக் கேட்டு வென்ற ஒருவர், ராகலை டவுனில் வடிகான் வெட்டக் கை தூக்கலாம். தன்னை வெல்லவைத்த லயத்துப் படிக்கட்டுக்குச் சபைக் காசில் சீமெந்து போடச் சட்டம் வழிவிடவில்லை. 1992ல் அரசாங்கம் தோட்டங்களின் நிர்வாகத்தை 22 கம்பனிகளிடம் கொடுத்தது. கம்பனியிடம் கேட்டால் லாபம் இல்லை என்பார்கள், சபையிடம் கேட்டால் அதிகாரம் இல்லை என்பார்கள்.

சபைகளின் அளவும் ஒரு வேடிக்கைதான். நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் ஒவ்வொன்றிலும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட சனம் இருந்தது. 2018 தேர்தலுக்கு முன்புதான் கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா சபைகள் புதிதாகப் பிரிந்தன. அதே 2018ல் பாராளுமன்றம் 33ஆம் பிரிவையும் திருத்தி, தோட்டங்களுக்கும் சபை நிதியைச் செலவிட வழி திறந்தது.

வழி திறந்தது உண்மை. ஆனால் காணி இன்னமும் அரசாங்கத்துடையது, கம்பனிகளின் குத்தகை 2045 வரை ஓடுகிறது, லயத்துக் குடும்பங்களில் பெரும்பாலானோருக்குக் கையில் உறுதி இல்லை. 2025 மே 6ல் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் வென்றவர்கள் இனிச் சட்டத்தில் இடமில்லை என்று தட்டிக்கழிக்க முடியாது. ராகலையிலோ ஹட்டனிலோ இதை வாசிப்பவர்கள், தங்கள் சபையின் வரவுசெலவுத் திட்டம் வரும்போது தோட்டப் பாதைகளுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், அதில் எவ்வளவு செலவழித்தார்கள் என்று தங்கள் உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள்.