சிலுவைக்கு எழுந்த குரல்

ஹிட்லரின் ஜெர்மனியில் சாதாரண மக்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டால், பயம் என்ற பதில் உடனே வருகிறது. அது பாதி உண்மைதான். 1936 நவம்பரில் ஓல்டன்பர்க் வட்டாரப் பள்ளிகளிலிருந்து சிலுவைகளை அகற்றச் சொல்லி ஆணை வந்தபோது, அங்கிருந்த கத்தோலிக்க விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். நவம்பர் 25 அன்று க்ளோப்பன்பர்க் மண்டபத்தில் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். நாஜிக் கட்சியின் வட்டாரத் தலைவர் கார்ல் ரோவர் எதையெதையோ பேசிப் பார்த்தார். கூட்டமோ சிலுவையைப் பற்றிச் சொல் என்று விடாமல் கத்தியது. ஆணையைத் திரும்பப் பெறுவதாக அந்த மேடையிலேயே அவர் அறிவிக்க வேண்டியதாயிற்று.

அந்த ஊர் மியூன்ஸ்டர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அதன் ஆயர் கிளமென்ஸ் ஆகஸ்ட் ஃபான் காலன், 1941 ஆகஸ்ட் 3 அன்று மனநோயாளிகளை அரசு கொல்வதைக் கொலை என்றே மறையுரையில் சொன்னார். அரசு வழக்கறிஞரிடம் தாம் புகார் கொடுத்திருப்பதையும் வெளிப்படுத்தினார். ஆறு மையங்களில் 70,000 பேருக்கு மேல் விஷவாயுவால் கொல்லப்பட்டிருந்தார்கள். அவற்றில் ஒன்றான ஹடமாரில், உன்னை அந்தச் சூளைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் ஏசிக்கொள்ளும் அளவுக்கு விஷயம் ஊரறிந்திருந்தது. ஆகஸ்ட் 24 அன்று வாயுக்கொலையை நிறுத்த ஹிட்லர் உத்தரவிட்டார். மருந்தாலும் பட்டினியாலும் கொல்வது போர் முடியும்வரை தொடர்ந்ததால், இதை முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன்.

ஆயர் பேசலாம், சாமானியன் பேசினால் தலை போகுமே என்பார்கள். நியாயமான கேள்வி. காலனின் மறையுரைகளைப் பரப்பிய லூபெக் நகரத்து மூன்று கத்தோலிக்கக் குருக்களும் ஒரு லூத்தரன் போதகரும் 1943 நவம்பர் 10 அன்று ஹாம்பர்க்கில் தலை வெட்டப்பட்டார்கள். ஆனால் ஆயரின் நிலை வேறு. அவரைத் தூக்கிலிட வேண்டும் என்று கட்சி மேலிடத்தில் பேச்சு எழுந்தும், மியூன்ஸ்டர் அடங்கிய வெஸ்ட்பாலியா மக்களின் ஆதரவை இழப்போம் என்று பிரசார அமைச்சர் கோயபல்ஸ் அஞ்சியதால் தொடவில்லை. அப்படிப்பட்டவரே, 1941 டிசம்பர் 13 அன்று மியூன்ஸ்டர் யூதர்களை நாடுகடத்த ஏற்றிய ரயில் லாட்வியாவின் ரீகாவுக்குப் புறப்பட்டபோது பிரசங்க மேடையில் ஒன்றும் சொல்லவில்லை. சிலுவை நம்முடையது, நோயாளி நம் வீட்டுப் பிள்ளை. யூதர் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றார். அந்த மௌனத்துக்குப் பயத்தைவிட இந்த எல்லைக்கோடே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

அந்தக் கோட்டைத் தாண்டியவரும் இருந்தார். 1938 நவம்பரில் யூதத் தொழுகைக்கூடங்கள் எரிந்தபின், பெர்லின் புனித ஹெட்விக் பேராலயத்தின் குரு பெர்னார்ட் லிக்டன்பெர்க் மாலை வழிபாட்டில் யூதர்களுக்காக வாய்விட்டு ஜெபித்துவந்தார். 1941 அக்டோபரில் கைதானார். தண்டனை முடிந்தும் விடுதலை கிடைக்கவில்லை. டாக்காவ் முகாமுக்குக் கொண்டுபோகும் வழியில், 1943 நவம்பர் 5 அன்று இறந்தார்.