மேடைக்குத் திரும்பிய மாணவிகள்

1927 நவம்பரில் மகாத்மா காந்தி யாழ்ப்பாணம் வந்தபோது இராமநாதன் மகளிர் கல்லூரியிலும் உடுவில் மகளிர் கல்லூரியிலும் மாணவிகளிடையே உரையாற்றினார். இராமநாதன் கல்லூரியில் அவர் சுட்டிக்காட்டிய குறை ஒன்று இன்றும் எம்மைச் சிந்திக்க வைக்கிறது. படிப்பு முடிந்து பள்ளிக்கூடத்தை விட்டு நீங்கியதும் பெண்பிள்ளைகள் பொதுவாழ்விலிருந்தே மறைந்து போகிறார்கள் என்றார் அவர். அங்கிருந்த மாணவிகள் அவ்வாறு மறைந்துவிடக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார்.

எமது பழைய மாணவிகள் சங்கமும் ஏறத்தாழ அக்காலத்தில் உருவானதே. நூற்றாண்டு காணும் இவ்வேளையில் சங்கம் எழுப்பிய கட்டடங்களைப் பற்றியும் வழங்கிய புலமைப்பரிசில்களைப் பற்றியும் பலர் எழுதுவார்கள். கல்லூரிக்குத் திரும்பிவரும் பழைய மாணவியர் நிகழ்த்தும் உரைகளையும் கலந்துரையாடல்களையும் பற்றிச் சில கூற விரும்புகிறேன். மறைந்து போகாதிருப்பதற்கு நாம் கண்ட வழிகளுள் அதுவும் ஒன்று.

யாழ்ப்பாணத்தில் பெண்களுக்குக் கல்வி முந்திக் கிடைத்தது. மேடை பிந்தியே கிடைத்தது. உடுவிலில் 1824 இலும், வேம்படியில் 1834 இலும், சுண்டுக்குளியில் 1896 இலும், மருதனார்மடத்தில் 1913 இலும் பெண்களுக்கான கல்விக்கூடங்கள் எழுந்தன. ஆயினும் விரிவுரை என்பது நெடுங்காலம் ஆண்கள் பேச ஆண்கள் கேட்பதாகவே இருந்தது. என் துறையிலிருந்தே ஓர் உதாரணம் தரலாம். 1847 இல் இங்கு வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் அறுபதுக்கும் மேற்பட்டோரை வைத்தியர்களாகப் பயிற்றினார். பின்னாளில் தமிழிலேயே மருத்துவம் போதித்தார். மகப்பேற்று மருத்துவ நூலையும் தமிழில் தந்தார். எமது மொழிக்கு அது பெரும் பேறு. ஆனால் பிரசவம் பற்றிய பாடத்தைக் கேட்டு வைத்தியர்களானோர் ஆண்களே. கொழும்பு மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1892 இல்தான்.

1931 இல் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டே திருமதி நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். எனினும் எல்லாப் பெண்களுக்கும் அவ்வாறான மேடை வாய்க்கவில்லை. வாக்குரிமை இருந்தும் ஊர்க் கூட்டத்தில் எழுந்து பேச முடியாத பெண்ணுக்கு, தான் படித்த பாடசாலையின் மண்டபம் அச்சமின்றிப் பேசக்கூடிய இடமாயிற்று. முன் வரிசையில் தன் ஆசிரியர்கள். பின் வரிசைகளில் தங்கைமார். 1945 இன் இலவசக் கல்வியும் அதைத் தொடர்ந்து தாய்மொழிக் கல்வியும் அந்தப் பின் வரிசைகளை விரிவாக்கின. ஆங்கிலம் அறிந்த குடும்பங்களுக்கு அப்பாலிருந்தும் பிள்ளைகள் வந்தமர்ந்தார்கள்.

போர்க்காலத்தில் 'திரும்பி வருதல்' என்பதன் பொருளே மாறியது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1990 இல் ஏ9 பாதை மூடப்பட்டது. 1995 ஒக்டோபர் இறுதியில் குடாநாட்டு மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தனர். பழைய மாணவியர் உலகெங்கும் சிதறினர். சுண்டுக்குளி மகளிர் கல்லூரியின் பழைய மாணவி வைத்திய கலாநிதி ராஜனி திராணகம இங்கிலாந்தில் மேற்படிப்பை முடித்துக்கொண்டு யாழ்ப்பாண மருத்துவ பீடத்துக்கே திரும்பினார். உடற்கூற்றியல் துறைக்குத் தலைமை தாங்கினார். கண்டதைக் கண்டபடி எழுதினார். 1989 செப்டெம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். திரும்பி வருவதற்கும் வாய் திறப்பதற்கும் இந்த மண்ணில் என்ன விலை இருந்தது என்பதை எம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

2002 இல் பாதை திறந்ததும் புலம்பெயர்ந்தோர் பாடசாலைகளைத் தேடி வந்தார்கள். 2020 இன் பெருந்தொற்றுக்குப் பின் சூம் வழியே இலண்டனும் ரொறன்ரோவும் எமது மண்டபத்துக்குள் வந்துவிட்டன. இது நல்ல காலம். ஆனால் மேடையில் யார் அமர்கிறார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர், வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்ற வரிசையையே பிள்ளைகள் ஆண்டுதோறும் கண்டால், பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியை எட்டாத பிள்ளை தனக்கு அங்கே இடமில்லை என்று முடிவு செய்துவிடும். போர் நடந்த நாட்களில் இங்கேயே நின்று பிரசவம் பார்த்த குடும்பநல உத்தியோகத்தரும், மரத்தடியில் வகுப்பு நடத்திய ஆசிரியையும், கணவரை இழந்தபின் தொழில் தொடங்கிப் பிள்ளைகளை ஆளாக்கிய தாயும் எம் பழைய மாணவியரே. தனி உரையை விடக் கலந்துரையாடல் பயன் மிக்கது என்பதற்கும் இதுவே காரணம். போனவரும் நின்றவரும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒருவர் சொல்வதை மற்றவர் மறுத்தும் பேசும்போதுதான் வாழ்க்கைக்குப் பல வழிகள் உண்டென்று பிள்ளைகள் காண்கிறார்கள்.

கேள்வி நேரமும் உரையளவுக்கு முக்கியமானது. சுகாதார உரைகளின் முடிவில் கையுயர்த்திக் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் பரீட்சை பற்றியவை. பெயரில்லாமல் எழுதி அனுப்பச் சொன்னால் மாதவிடாய் வலி, இரத்தச்சோகை, நித்திரையின்மை, வீட்டில் சொல்ல முடியாத துயரம் எல்லாம் துண்டுக் கடதாசிகளில் வந்து சேரும். கிறீன் காட்டிய வழியில் அவற்றுக்கு நல்ல தமிழில் பதில் சொல்வது எம் போன்றோரின் கடமை.

சங்கத்தின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். இனி நடைபெறும் ஒவ்வோர் உரையையும் கலந்துரையாடலையும் ஒலிப்பதிவு செய்து எழுத்திலும் பேணுவோம். வீடுகளில் எஞ்சியிருக்கும் பழைய மலர்களையும் நிகழ்ச்சி நிரல்களையும் திரட்டி நூலகம் நிறுவனத்தின் எண்ணிம ஆவணகத்துக்கு வழங்குவோம். இந்த மேடையில் பேசிச் சென்ற எத்தனையோ பேரின் சொற்கள் இடப்பெயர்வுகளில் தொலைந்துவிட்டன. அடுத்த நூற்றாண்டு மலரை எழுதப்போகும் மாணவிக்கு அந்தக் குறை இருக்கக் கூடாது.