பம்பாய்க்குத் தகவல் சொல்லவும்

பறவையின் காலில் மாட்டும், எண் பொறித்த சின்ன அலுமினிய வளையம். கிடைத்தால் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்கும்படி எண்ணோடு ஒரு வரியும் இருக்கும். வளையம் பறவையின் எடையில் நூற்றில் மூன்று பங்குகூட வரக்கூடாது.

1899இல் டென்மார்க் பள்ளி ஆசிரியர் மார்ட்டென்சன் தொடங்கிவைத்தது இந்த வளையம் போடும் வேலை. 1927இல் இந்தியாவில் தார் சமஸ்தானத்துக்கு வந்தது. இங்கே அதைப் பெரிதாக்கியது ஒரு காய்ச்சல். 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன, மனிதர்களும் படுத்தார்கள். கிருமி ரஷ்யாவில் கண்ட ஒன்றைப் போலவே இருந்ததால், வலசைப் பறவைகள் உண்ணியோடு கொண்டுவந்திருக்குமோ என்று சந்தேகம். உலக சுகாதார நிறுவனம் பணம் தர, 1959இல் பறவையியலாளர் சாலிம் அலி தலைமையில் ஆய்வு ஆரம்பித்தது. பறவைகள் மேல் குற்றம் நிரூபணமாகவில்லை. வளையம் மட்டும் நிலைத்துவிட்டது.

வளையம் போட, கோடியக்கரைச் சதுப்பில் இருட்டில் மெல்லிய நைலான் வலை கட்டுவார்கள். சிக்கிய உள்ளானைப் பருத்திப் பையில் போட்டு எடை பார்ப்பார்கள். பிறகு அதன் கழுத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் வருமாறு பிடித்து, குறடால் வளையத்தை மூடுவார்கள். விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது, வளையம் தடையின்றிச் சுழல வேண்டும். கடல் ஆலாக்களில் பறக்காத குஞ்சுக்கே இதைப் போட்டுவிடலாம், கால் சீக்கிரம் முழு அளவுக்கு வளர்ந்துவிடும். குஞ்சில் போட்டால் பிறந்த ஊரும் வயதும் சேர்ந்தே தெரியும்.

ஆனால் அந்தப் பொடி எண்ணைப் படிக்கப் பறவை கைக்கு வர வேண்டும். பழைய நாளில் பெரும்பாலும் சுட்டவர்தான் படித்தார். அதனால்தான் காலில் மாட்டும், எழுத்துப் போட்ட பிளாஸ்டிக் கொடியும், வாத்துகளுக்குக் கழுத்துப் பட்டையும் வந்தன. மங்கோலியாவில் பட்டை கட்டிய வரித்தலை வாத்தை நம் பக்கத்துக் குளத்தில் தொலைநோக்கியிலேயே படித்துவிடலாம்.

திருப்பூர் இங்கேதான் கதைக்குள் வருகிறது. ஊத்துக்குளி சாலைப் பக்கம் இருக்கும் நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் சரணாலயம், 2024இல் ராம்சார் ஈரநிலத் தலம். பனியன் கம்பெனிக்கு லீவு விடும் ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு கரையில் நிற்பவர்களுக்குச் சம்பளம் கிடையாது. வளையம் போட யாருக்கும் அனுமதி வேண்டும், படிக்க அனுமதி தேவையில்லை.

படம் எடுத்தவர் கொடியின் நிறம், எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, தேதி, இடம் எல்லாம் பம்பாய்க்கு எழுதி அனுப்ப வேண்டும். இறக்கை விரித்த அழகான படத்தில் கால் தெரியவில்லை என்றால், அது காலண்டருக்குத்தான் ஆகும்.