மலை மணல் எங்கே நின்றுபோனது?

நிந்தவூர்க் கடற்கரையில் கடலரிப்புப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் தெற்கே கைகாட்டுவாங்க. "ஒலுவில் ஹார்பர் வந்தாப் பொறகுதான் இந்தக் கெடுதி" எண்டு சொல்வாங்க. அது சரிதான். 2008இல் வேலை தொடங்கி 2013 செப்டம்பரில் திறந்த துறைமுகம் அது. இந்தக் கரையில் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். குறுக்கே கல்லைப் போட்டு மறித்தால் தெற்கில் மணல் குவியும், வடக்கில் இருக்கிற ஒலுவிலும் நிந்தவூரும் தேயும். தென்னைகள் கடலுக்குள் சாய்ந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

ஆனால் அந்த மணல் முதலில் எங்கேயிருந்து வந்தது எண்டு நாங்கள் கேட்டதில்லை.

ஒரு பங்கு மலையிலிருந்து வந்தது. கல்லோயா பதுளைக்குக் கிழக்கே மலைகளில் பிறந்து, இங்கினியாகலையைத் தாண்டி, கல்முனைக்குத் தெற்கே கடலில் சேர்கிறது. பதுளைப் பக்கத்து மடுல்சீமையில்தான் 1869இல் கோப்பி இலைநோய் முதலில் கண்ணில் பட்டது. அதற்குள் மலைநாட்டில் ஏகப்பட்ட காடு வெட்டியாகிவிட்டது. 1873இல் தாவரவியலாளர் ஹூக்கர் எழுதிய கடிதத்துக்குப் பிறகுதான் 5000 அடிக்கு மேலே காடு வெட்டுவதற்குத் தடை வந்தது.

தோட்டம் எண்டால் றோட்டும் வேணும். செங்குத்தான சரிவில் றோட்டு வெட்டும்போது மேல்பக்கம் மண்சுவர் அம்மணமாக நிற்கும். வெட்டிய மண் கீழ்ச்சரிவில் சும்மா கொட்டிக் கிடக்கும். வண்டிச் சில்லு பட்டு இறுகிய தரைக்குள் மழைத்தண்ணி இறங்காது. சில்லுத் தடத்தையே வாய்க்காலாக்கிக்கொண்டு ஓடி, மதகடியில் ஒரே இடத்தில் பாயும். அந்த இடத்தில் பள்ளம் விழும், அடுத்த மழைக்கு அது ஓடையாகும். போதாக்குறைக்கு, புல்லை வேரோடு சுரண்டித் தோட்டத்தைத் துப்புரவாக வைப்பதுதான் அன்றைய துரைமாருக்கு அழகு. மலையின் மேல்மண் இப்படித்தான் போனது.

அப்படியெண்டால் எங்கட கரை வளர்ந்திருக்க வேணுமே? இல்லை. சேறு வேறு, மணல் வேறு. சேறு கடலில் கலங்கித் தூரம் போய்விடும். கரையில் தங்குவது மணல்தான், அதற்கும் வழியில் ஒரு மறிப்பு விழுந்தது.

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை உருவானது. மொரிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி இங்கினியாகலையில் அணை கட்டியது. சேனாநாயக்க சமுத்திரம் பிறந்தது. கல்லோயா எண்டதும் எங்கட பக்கத்தில் காணியும் குடியேற்றமும் 1956 கலவரமும்தான் ஞாபகம் வரும்; வரத்தான் வேணும். மணலை யாரும் நினைப்பதில்லை. ஓடிவந்த ஆறு குளத்துக்குள் நுழைந்து நின்றதும் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிடும்: முதலில் பரல், பிறகு மணல். மதகு வழியாக வயலுக்கு வருவது தண்ணி மட்டும்தான். மண்ணைக் காப்பாற்றும் சட்டம் 1951இல் வந்தது. அதன் கவலை மலைச்சரிவு, கடற்கரை அல்ல. பிறகு ஆற்று மணல் அள்ளும் லொறிகளும் வந்து சேர்ந்தன.

துறைமுகம் செய்த சேதம் வேகமானது, கண்ணுக்குத் தெரிவது. அணை செய்தது மெதுவானது, அதனால் வழக்கிலேயே இல்லை. இன்று துறைமுக வாய் மணல் அடைத்துப் படகு போக முடியவில்லை எண்டு மீனவர்கள் கத்துகிறார்கள், வடக்கே கரை மணலில்லாமல் அறுகிறது. அங்கே தோண்டும் மணலை இங்கே கொண்டுவந்து கொட்டலாம். இங்கினியாகலைக்கு மேலே எழுபது வருசமாகச் சேர்ந்து கிடக்கிற மணலை யார் கொண்டுவருவது?