சார்ல்ஸ் லேன்

சார்ல்ஸ் லேன் (1905–2007), அமெரிக்கத் திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் சிறு வேடங்களிலேயே நிலைத்து நின்ற குணச்சித்திர நடிகர். அதாவது, கதைத்தலைமை ஏற்காமல், குறிப்பிட்ட ஒரு வகை மனிதரைத் தம் முகத்தாலும் குரலாலும் உடனே அடையாளம் காட்டுபவர்.

சான்பிரான்சிஸ்கோவில் சார்ல்ஸ் லெவிசன் என்னும் பெயரில் பிறந்து, 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் குழந்தையாக உயிர்தப்பிய இவர், காப்பீட்டுத் தொழிலில் இருந்து விலகி, பாசடீனா பிளேஹவுஸ் நாடக அரங்கில் பயின்று, 1931இல் திரைக்கு வந்தார். பேசும்படங்கள் பெருகிய அந்நாளில் விடுதி எழுத்தர், நிருபர், வரி அலுவலர் போன்ற ஒரு நிமிட வேடங்கள் ஏராளமாக இருந்தன. அவற்றை விளக்கிச் சொல்லப் படத்தில் நேரமில்லாததால், பார்த்தவுடன் புரியும் முகங்களையே நிறுவனங்கள் நாடின. மெலிந்த உடலும் மூக்குக்கண்ணாடியும் வெடுக்கென்ற பேச்சும் கொண்ட லேன், நாளொன்றுக்கு 35 டாலர் ஊதியத்தில், 1933இல் மட்டும் 23 படங்களில் நடித்தார். திரையரங்கில் தம்மைக் கண்ட பிறகே அப்படத்தில் நடித்தது நினைவுக்கு வரும் அளவுக்கு வேலை மிகுந்திருந்தது.

இயக்குநர் ஃபிராங்க் காப்ரா இவரை மீண்டும் மீண்டும் அழைத்தார். 'யூ கான்ட் டேக் இட் வித் யூ' (1938) படத்தில், வரியே கட்டாத முதியவரிடம் வாதிட்டு நிதானம் இழக்கும் அலுவலராக வரும் லேன், சட்டம் தம் பக்கம் இருந்தும் தோற்றுப்போகிறவரின் தவிப்பைத் துல்லியமாகக் காட்டுகிறார். 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' (1946) படத்தில் செல்வர் பாட்டரின் வாடகை வசூலிப்பவராக வந்து, எதிரியான ஜார்ஜ் பெய்லி கட்டித்தரும் வீடுகளின் மதிப்பை முதலாளியிடமே அஞ்சாமல் எடுத்துரைக்கும் காட்சி அதனினும் சிறந்தது. கடுமையான அந்த முகத்தில் நேர்மையும் குடியிருக்க முடியும் என்பதைச் சில வரிகளிலேயே அவர் நிறுவிவிடுகிறார்.

தொலைக்காட்சி வந்தபோதும் வேடம் மாறவில்லை. 'ஐ லவ் லூசி' தொடரில் பலமுறை தோன்றிய இவர், 1963இல் தொடங்கிய 'பெட்டிகோட் ஜங்ஷன்' தொடரில், சிற்றூரின் ரயிலை நிறுத்தத் துடிக்கும் ஹோமர் பெட்லோ என்னும் ரயில்வே அதிகாரியாகப் புகழ்பெற்றார். ஒரே சாயலில் அடைக்கப்பட்டதை அவர் விரும்பவில்லை. ஆயினும் நீண்டகாலம் அவருக்கு வேலை தந்ததும் அச்சாயலே. நூறு வயதில், 2005இல் விருது பெற்ற மேடையில், நடிக்கத் தாம் இன்னும் தயார் என்று அறிவித்த லேன், 2007 ஜூலை 9 அன்று காலமானார்.