25 கிலோஹெர்ட்ஸின் கதை

அமெரிக்காவில் 'ஜெனரல்' உரிமம் வைத்திருக்கும் ஹாம் (அமெச்சூர் வானொலிக்காரர்) ஒருவர் தேர்வெழுதி அதற்கு மேல்நிலை உரிமமான 'எக்ஸ்ட்ரா' பெறுகிறார். புதிதாக என்ன கிடைக்கிறது? 20 மீட்டர் பட்டையின் அடியில் 14.000 முதல் 14.025 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு துண்டு. 80, 40, 15 மீட்டர் பட்டைகளின் அடியிலும் அதே 25 கிலோஹெர்ட்ஸ். குரலில் பேசவும் கொஞ்சம் கூடுதல் இடம். இதற்காகவா இத்தனை படிப்பு என்று தோன்றும். மோர்ஸில் தொலைதூர நாடுகளைத் தேடுபவரிடம் கேட்டால் வேறு பதில் வரும்: அரிய தீவு நிலையங்கள் பலவும் வந்து உட்காருவது அந்த அடித்துண்டில்தான்.

இந்தப் பட்டைகள் அமெச்சூர்கள் கைக்கு வந்த கதை பழையது. 1912இல், டைட்டானிக் மூழ்கிய சில மாதங்களில் வந்த வானொலிச் சட்டம், அமெச்சூர்களை 200 மீட்டரும் அதற்குக் குறைந்ததுமான அலைநீளங்களுக்குத் தள்ளியது. எதற்கும் உதவாத இடம் என்று அன்று பலரும் நினைத்ததால்தான் அது அவர்களுக்குக் கிடைத்தது. 1923 நவம்பரில் அமெரிக்க அமெச்சூர்கள் ஏறத்தாழ 110 மீட்டரில் பிரான்சுடன் இருவழியாகப் பேசிக்காட்ட, ஒதுக்குப்புறத்துக்கு மவுசு வந்துவிட்டது. அடுத்த ஆண்டே 80, 40, 20 மீட்டர் பட்டைகள் அமெச்சூர்களுக்கென ஒதுக்கப்பட்டன.

பட்டைக்குள்ளே வேலி போட்டது பிற்காலத்துச் சண்டை. எக்ஸ்ட்ரா உரிமம் 1951இல் பிறந்தது. ஆனால் 1953இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. ஜெனரல் உரிமத்துக்கே எல்லா அலைவரிசைகளையும் திறந்துவிட்டது. கடினமான தேர்வை எழுதினாலும் எழுதாவிட்டாலும் கையில் இருப்பது ஒன்றுதான். பெருமைக்காக எழுதியவர்கள் சிலர்தாம்.

1963இல் அமெச்சூர்களின் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல்., அறிவை வளர்க்க ஊக்கம் வேண்டும் என்று ஆணையத்திடம் போனது. ஆணையம் 1967இல் ஒப்புக்கொண்டது. 1968 நவம்பர் 22 முதல் நடைமுறை. ஊக்கத்தொகை வேறெங்கிருந்தும் வரவில்லை. பதினைந்து ஆண்டுகளாக ஜெனரல்கள் புழங்கிய அலைவரிசைகளிலிருந்தே வெட்டியெடுத்தார்கள். சங்கத்தின் மேல் உறுப்பினர்களுக்கு வந்த கோபம் எளிதில் ஆறவில்லை. கோபத்தில் நியாயம் இருந்தது என்பேன். இருப்பதைப் பறித்து, படித்தால் திருப்பித் தருகிறேன் என்பதை ஊக்கம் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் அதற்காகப் புத்தகம் எடுத்து உட்கார்ந்தவர்களும் இருந்தார்கள்.

எக்ஸ்ட்ராவுக்கான மோர்ஸ் வேகம் நிமிடத்துக்கு 20 சொற்களாக இருந்தது. 2000இல் அது 5 ஆகக் குறைந்து, 2007இல் மோர்ஸ் தேர்வே போய்விட்டது. மோர்ஸுக்குப் பேர்போன அடித்துண்டைப் பெற மோர்ஸ் தெரிய வேண்டியதில்லை என்பது இன்றைய வேடிக்கை. வேலி மட்டும் அப்படியே நிற்கிறது.

தேறியவர் அன்றே புது இடத்துக்குள் போகலாம். ஆணையத்தின் பதிவேட்டில் ஏறும்வரை அழைப்புக்குறியோடு 'ஏஇ' சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லையில் ஒரு கவனம்: 40 மீட்டரில் வழக்கமாகக் கீழ்ப்பக்கப் பட்டையில் பேசுவதால், முள் காட்டும் எண்ணுக்குக் கீழே ஏறத்தாழ 3 கிலோஹெர்ட்ஸ் வரை குரல் பரவும். எக்ஸ்ட்ராவின் குரல் எல்லை 7.125 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது, முள் 7.128க்குக் கீழே இறங்கினால் குரல் வெளியே போய்விடும்.